பிச்சையல்ல, வித்தை: தில்லி தெருக்கலைஞர்களின் கேள்வி

புது தில்லி: அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் சிறுவன் ஏறும் "இந்தியக் கயிறு வித்தை" வெறும் கட்டுக்கதை என்றே மேலைநாட்டினர் பலர் கூறிவந்தனர். 1995-ல் குதுப்மினார் அருகே திறந்தவெளியில் அதைச் செய்து காட்டினார் தில்லி தெருவித்தைக் கலைஞர் இஷாமுதீன் கான். வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. தலைநகரில் நடைமுறையில் இருந்த சட்டத்துக்கோ, கலைஞருக்கும் யாசகருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

1959-ம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. பொது இடத்தில் பாடியோ, ஆடியோ, வித்தை காட்டியோ காசு பெறுவதும் அதன்படி பிச்சையே. இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 8-ல் ரத்து செய்தது.

அதற்குள் குடியிருந்த இடம் போய்விட்டது. வித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஷாதிப்பூர் கட்புத்லி காலனியை இடிக்கும் பணி 2017 அக்டோபர் 30-ல் தொடங்கியது. அங்கேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித்தரத் தில்லி வளர்ச்சி ஆணையம் 2009-ல் தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தது. பலர் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பெரிய பொம்மைகளையும் நீண்ட மூங்கில் கழிகளையும் மாடி வீட்டில் எங்கே வைப்பது, பிள்ளைகளுக்கு எந்த முற்றத்தில் வித்தை கற்றுத்தருவது என்று அவர்கள் அப்போதே கேட்டனர்.