விளையாட்டுலகிற் கூலிப்படை

பொருள்பெற்றுப் பிறர்பொருட்டுப் போர்புரிவோர் கூலிப்படையினர் எனப்படுவர். பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலிய நகரங்கள் இத்தகையோரை ஒப்பந்தம் எழுதி அமர்த்தின. ஆங்கிலேயனாகிய ஜோன் ஹோக்வுட் பல அரசுகளிடம் மாறிமாறிக் கூலிபெற்று, ஈற்றிற் புளோரன்ஸ் நகரின் படைத்தலைவனாய் 1394 இல் இறந்தான். இவர்தம் படையை நம்பும் அரசு நிலைபெறாது என்பது மக்கியவெல்லியின் துணிபு. அப்பழைய தொழில் இணையவழிக் கணினி விளையாட்டொன்றிற் புத்துயிர் பெற்றமை ஆராயத்தக்கது.

ஐஸ்லாந்து நாட்டினர் 2003 இல் வெளியிட்ட ‘ஈவ் ஒன்லைன்’ என்பதே அவ்விளையாட்டு. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களைக் கொண்ட ஒரே உலகில், ஆடுவோர் அனைவரும் கப்பல் செலுத்தியும் கனிமம் அகழ்ந்தும் வாணிகம் நடத்தியும் வாழ்வர். பொதுவாகக் கணினி விளையாட்டுக்களிலே தோற்றவன் மீண்டும் தொடங்குவான், இழப்பு யாதுமில்லை. இங்கோ அழிந்த கப்பல் அழிந்ததே. பல மாத உழைப்பு ஒரு கணத்தில் மறையும். ஆதலின், ஒருவனது கப்பலை அழிப்பதற்குக் கூலி கொடுப்பாரும் தோன்றினர்.

காவல்மிக்க மண்டலங்களிலே முறையின்றித் தாக்குவோரைக் காவற்படை அழித்துவிடும். எனினும், கட்டணம் செலுத்திப் போர் அறிவித்தால் அப்படை தலையிடாது. கூலிப்படையினர் இவ்விதியையே தம் தொழிலுக்குக் கருவியாக்கினர். கப்பல் அழிந்தவுடன் விளையாட்டே தரும் அழிவறிக்கை, ஏவியவனுக்குக் காட்டும் சான்றாயிற்று. ஆனால், கூலியை வாங்கித்தரும் நீதிமன்றம் அங்கில்லை. முற்பணம் பெற்றவன் ஓடிவிடலாம். வேலை முடிந்தபின் ஏவியவன் கைவிரிக்கலாம். எனவே நடுவர் ஒருவரிடம் பணத்தை ஒப்படைக்கும் வழக்கமும், சொன்ன சொல் தவறாதவர் என்னும் பெயரைப் பேணும் வழக்கமும் எழுந்தன. வஞ்சனையைத் தொழிலாகக் கொண்டோருக்கு வாய்மையே முதலீடாயிற்று என்பது நோக்கற்பாலது.

இதற்கு 2005 இல் நிகழ்ந்ததொன்று தக்க சான்றாகும். ‘கைடிங் ஹான்ட் சோசல் கிளப்’ என்னும் கூலிக்குழு, வேறொரு குழுவின் தலைவியை வீழ்த்த நூறு கோடி விளையாட்டு நாணயத்துக்கு உடன்பட்டது. உடனே பாய்ந்து தாக்கினாரல்லர். அதன் ஒற்றர் அக்குழுவில் உறுப்பினராய்ச் சேர்ந்து, ஏறத்தாழ ஓராண்டுக்காலம் உடனுழைத்து, நம்பிக்கைக்குரிய பதவிகளைப் பெற்றனர். குறித்த நாளிற் குறிப்புக் கிடைத்ததும் பண்டசாலைகள் ஒருங்கே கொள்ளையிடப்பட்டன. தலைவியின் அரிய கப்பலும் சிதைந்தது. இழப்பு மூவாயிரம் கோடி நாணயத்துக்கு மேற்பட்டது. மெய்யுலக மதிப்பில் ஏறக்குறைய 16,500 அமெரிக்க டொலர் என அக்காலத்திற் கணித்தனர்.

விதி எதுவும் மீறப்படாமையால் விளையாட்டை நடத்துவோர் தலையிட்டிலர். விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்குவாருமுளர். அது முற்றும் பொருந்தாது. கப்பல் கற்பனையாயினும் ஓராண்டு நட்பு கற்பனையன்று. ஏமாந்தோர் மெய்யான மாந்தரே. மற்று, வஞ்சனைக்கு இடமுண்டென்று அறிந்தே அனைவரும் அவ்வுலகிற் புகுந்தனர் என்னும் வாதத்தையும் எளிதிற் புறக்கணித்தல் இயலாது. அவ்விடர் இல்லையேல், அங்கு ஒருவரை ஒருவர் நம்புதற்கு மதிப்பும் இராது.

அவ்வுலகில் இறந்தவர் வேறோர் உடலிற் கண்விழிப்பர். தலைவியும் அவ்வாறே எழுந்தாள். ஆயினும் ஒப்பந்தம் அவளது சடலத்தையும் கேட்டிருந்தது. கூலிக்குழுவினர் அதனையும் விண்வெளியிலிருந்து எடுத்துச் சென்றனர்.