திருத்தணி வீடுகளில் ராத்திரியிலும் அனல்! பேனைத் திட்டாதீர்கள், மாடியைப் பாருங்கள்

திருத்தணி,

சித்திரை பிறந்துவிட்டால் திருத்தணியில் ஒரே பேச்சு, வெயில்தான்!

104 டிகிரியைத் (40 செல்சியஸ்) தாண்டிய ஊர்கள் என்று வானிலை ஆய்வு மையம் பட்டியல் போட்டால், வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி அதில் இடம் பிடித்துவிடும். கடல் காற்று சென்னையைத் தாண்டி இங்கே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பல நாள் வந்தே சேராது.

பகலையாவது மர நிழலில் ஒதுங்கிச் சமாளிக்கலாம். ராத்திரிதான் பெரும்பாடு. "பேன் ஓடுது, ஆனா அனல்தான் அடிக்குது" என்று புலம்பாத வீடே இல்லை.

அந்த அனல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தலைக்கு மேலே இருக்கும் கூரையில் இருந்து!

மாடியே அடுப்பு

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. குடித்த சூட்டை உடனே கக்குவது இல்லை. நாம் பாய் விரிக்கிற நேரம் பார்த்துத்தான் கீழே இறக்குகிறது.

பேன் காற்றைக் குளிர வைக்காது. வியர்வையை உலர்த்தும், அவ்வளவுதான். 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் பேன் காற்றே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

சிமெண்ட் ஷீட் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஷீட் மெல்லியது. காலை 10 மணிக்கே உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிடும்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறிதான் பிழைப்பு. பலருக்கு வீடும் தறிக்கூடமும் ஒன்றே. கூரைச் சூட்டோடு மோட்டார் சூடும் சேர்ந்துகொள்ளும். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு!

பணம் வரும், உயிர் வருமா?

2015-ம் ஆண்டு கோடையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலும், தெலுங்கானாவிலும் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெயிலுக்குப் பலியானார்கள். ராத்திரியிலும் உடம்பு ஆறாவிட்டால் வயதானவர்களும், குழந்தைகளும்தான் முதலில் துவண்டு விழுவார்கள்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்றும் சொன்னது. பணம் வரும். போன உயிர் வருமா?

கோவில் காட்டும் வழி

365 படி ஏறி முருகனைத் தரிசிக்கிறவர்களுக்கு, வெயிலில் கருங்கல் எப்படிச் சுடும் என்று தெரியும். தமிழ்நாட்டில் பல கோவில்களில் கோடை வந்தால் பக்தர்கள் நடக்கும் பாதையில் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அதில் கால் வைத்தால் சூடு குறைவாகத் தெரியும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதே காரணம்.

காலுக்குச் செய்கிற வைத்தியத்தை வீட்டு மாடிக்கும் செய்தால் என்ன?

மாடியில் பாசி, அழுக்கைச் சுரண்டிக் கழுவிக் காயவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, பசை கலந்து 2 கோட் அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் நன்றாகப் பிடிக்கும். கண்ணில் மட்டும் தெறிக்க விடாதீர்கள்.

சுண்ணாம்பு மழையில் கரையும். எனவே ஆண்டுதோறும் பங்குனியில் அடிக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் வெயில் தடுப்பு பெயிண்ட் அடிக்கலாம், வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறையும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் உஷார்! சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மேலே ஏறினால் ஷீட் உடையும். ஏணியில் நின்று நீளக் கம்பு கட்டிய ரோலரால் அடியுங்கள்.

தெலுங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து, பெரிய புதுக் கட்டிடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தமிழகத்திலும் அரசுப் பள்ளிக் கட்டிடங்களில் வெள்ளைக்கூரை போடும் வேலை தொடங்கியது.

தாத்தா கட்டிய வீடு

அந்தக் கால மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். உயரமான கூரை, மேலே வெண்டிலேட்டர், நடுவில் முற்றம். சூடான காற்று மேலே போய் வெளியேறிவிடும்.

இப்போது செலவு மிச்சம் என்று தட்டோட்டை விட்டுவிடுகிறோம். கொசு வருகிறது என்று வெண்டிலேட்டரை அடைத்துவிடுகிறோம். அப்புறம் சூடு எந்த வழியாகப் போகும்?

வெண்டிலேட்டரைத் திறந்து கொசுவலை அடியுங்கள். முடிந்தால் அங்கே ஒரு எக்ஸாஸ்ட் பேன் மாட்டுங்கள். காற்று வர ஒரு வழி, போக எதிரில் ஒரு வழி வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் இருந்தால் காற்று ஓடாது.

காலை 9, 10 மணிக்கு ஜன்னலைச் சாத்துங்கள். வெளியே குளிர்ந்த பிறகு திறந்து விடியும்வரை விடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகத் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால், சூடு கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தடுப்பதாகும்.

கரண்ட் பில்லும் இறங்கும்

75 வாட் பேன் தினம் 15 மணி நேரம் ஓடினால், 2 மாதத்தில் 67 யூனிட் ஆகும். 30 வாட் பி.எல்.டி.சி. பேன் என்றால் 27 யூனிட்தான். ஒரு பேனுக்கே 40 யூனிட் மிச்சம்!

ஏ.சி. இருந்தால் 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. கூரையைக் கவனிக்காமல் ஏ.சி. போடுவது, அடுப்பின்மேல் ஐஸ் கட்டி வைத்த கதைதான்.

மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களே! அந்த மொட்டை மாடி உங்களுடையது. அதன் சூடோ குடித்தனக்காரர் தலையில் இறங்குகிறது. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கிப் போடுங்கள். அவர்களும் தூங்கட்டும்!