தலைவிதியும் இயற்கை விதியும்

‘விதி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வகுப்பில் நியூட்டனின் விதி என்கிறோம். வீட்டிலோ, “எல்லாம் அவன் விதி” என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி அட்ஜஸ்ட்மென்ட் பீரோ’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இக்கேள்வியை ஒரு காதல் கதையின் மூலம் எழுப்புகிறது. பிலிப் கே. டிக் எழுதி 1954இல் வெளிவந்த சிறுகதையைத் தழுவி ஜார்ஜ் நோல்ஃபி இதனை இயக்கினார்.

நியூயார்க் நகரில் டேவிட் என்னும் இளம் அரசியல்வாதி, எலீஸ் என்னும் நடனப் பெண்ணைச் சந்திக்கிறான். இருவரும் மறுபடி சந்திக்கக் கூடாது என்பது ‘திட்டம்’. தொப்பி அணிந்த மர்ம மனிதர்கள் அத்திட்டத்தைக் காத்து வருகிறார்கள். ஒருநாள் காலை, டேவிட்டின் மேல் காப்பி சிந்தும்படி செய்ய வேண்டியவர் கண்ணயர்ந்து விடுகிறார். டேவிட் பஸ்ஸைப் பிடித்து விடுகிறான். அதே பஸ்ஸில் எலீஸ்!

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். உலகிலுள்ள துகள்கள் அனைத்தின் நிலையையும், அவற்றின் மீது செயல்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் முழுவதும் கண்கூடாகத் தெரியும் என்று 1814இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் எழுதினார். மர்ம மனிதர்களின் கையிலுள்ள குறிப்பேடு இதைத்தான் நினைவூட்டுகிறது.

ஆனால் 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்னும் வானிலை அறிஞர் ஒரு விந்தையைக் கண்டார். வானிலைக் கணக்கொன்றை மறுபடி போடும்போது, கணிப்பொறியில் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். சிறிது நேரத்தில் விடை முற்றிலும் வேறாகிவிட்டது! அவருடைய சமன்பாடுகளில் தற்செயல் எதுவும் இல்லை. ஆயினும் தொடக்க நிலையைத் துல்லியமாக அளக்க இயலாதபோது, நெடுநாளைக்கு முன்கூட்டிச் சொல்ல இயலாது. சிந்தாத காப்பி ஒரு வாழ்க்கையையே திருப்புவதும் இத்தகையதே.

அணுவுக்குள் நிலைமை இன்னும் விசித்திரமானது. ரேடியம்-226 அணுக்களில் பாதி, சுமார் 1600 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால் அடுத்துச் சிதையப் போவது எந்த அணு என்று குவாண்டம் இயற்பியலைக் கொண்டு கூற முடியாது.

அப்படியானால் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரம் வேண்டாம். பகடையும் எந்த எண் விழும் என்று சொல்லாமல்தான் உருள்கிறது. அதற்காக அது சிந்தித்துத் தேர்ந்தெடுக்கிறது என்போமா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாளை கிரகணம் என்று அறிவித்தால் சந்திரன் வழி மாறிச் செல்லாது. “நீ இந்தத் தேர்வில் தேற மாட்டாய்” என்று ஒரு மாணவனிடம் சொன்னால், அவன் அன்றிரவே உட்கார்ந்து படிக்கத் தொடங்கலாம். அச்சொல்லே புதிய காரணமாகிவிடுகிறது. டேவிட்டும் திட்டத்தை அறிந்த பிறகுதான் அதனோடு மோதுகிறான். அவன் வென்றானா என்பதைப் படம் பார்ப்போர் அறியட்டும்.

மனிதனின் விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒன்று கூறலாம். நம்முடைய யோசனையும் உழைப்பும் இயற்கை விதிகளுக்கு உட்பட்டே நடக்கின்றன, அவையும் காரணங்களே. ஆகவே, “படித்தாலும் படிக்காவிட்டாலும் நடப்பதுதான் நடக்கும்” என்று யாரேனும் சொன்னால், அதற்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.