வரி அழகு, உளிக்கு வம்பு

மரச்சிற்பம் என்று பேச்செடுத்தாலே கடின மரம், மென்மரம் என்ற பிரிவு முதலில் வந்துவிடும். வைரம் பாய்ந்த மரம் உளியோடு மல்லுக்கு நிற்கும், இளகிய மரம் பணிந்துபோகும் என்று பொதுவாக நம்புகிறோம். சந்தனத்தை எடுத்துக்கொண்டால் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். உலர்ந்த சந்தன வைரம் கன மீட்டருக்கு 900 கிலோ அளவில் கனக்கும். வாகை 600 சொச்சம்தான். கடினத்திலும் சந்தனமே மேல். ஆனாலும் மயிரிழை பிசகாமல் கொடியும் இலையும் விழுவது சந்தனத்தில்தான். வாகையில் அதே நுணுக்கத்துக்குப் போனால் விளிம்பு பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே, செதுக்குகிறவரைச் சோதிப்பது மரம் எவ்வளவு கடினம் என்பதல்ல. அதற்குள் நார் எந்தக் கோணத்தில் ஓடுகிறது என்பதுதான். மரத்தின் வரி அழகுக்கும் அந்தக் கோணமே காரணம் என்பதால், அழகை வைத்துக்கொண்டு தொல்லையை மட்டும் விலக்க வழியில்லை.

அகன்ற இலை மரங்களின் உடலில் பெரும்பகுதி, சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமும் அதில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமும் கொண்ட குழல்களால் ஆனது. இவை தண்டுக்கு இணையாக நின்றால் நேர் நார். வெப்ப மண்டல மரங்கள் பலவற்றில் அப்படி நிற்பதில்லை. மரம் பருக்கும்போது ஒரு காலத்தில் வளர்ந்த படலத்தில் நார் இடப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறும். அடுத்து வளரும் படலத்தில் வலப்பக்கம் சாயும். பிறகு மறுபடி இடம். வாகை, பலா, ஈட்டி, வேங்கை எல்லாவற்றிலும் இந்தப் பின்னல் நார் சர்வ சாதாரணம். அலை நார் என்று இன்னொன்று உண்டு. அதில் குழல்கள் பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து ஏறும். நல்ல வயலின்களின் முதுகுப் பலகையில் குறுக்கே பளிச்சிடும் வரிகள் மேப்பிள் மரத்தின் அலை நாரால் வருபவை. குழலின் பக்கச்சுவரில் படும் ஒளி திரும்பி வரும். அறுபட்ட வாயில் படும் ஒளி உள்ளே போய் அடங்கிவிடும். அதனால்தான் பலகையைச் சற்றுச் சாய்த்ததும் வெளிச்ச வரி இருள்கிறது, இருண்ட வரி ஒளிர்கிறது. அங்கே நிறம் மாறவில்லை, கோணம்தான் மாறுகிறது.

இனி உளியின் பக்கம் வருவோம். நாரை நீளவாக்கில் இழுத்து அறுக்க ஆகும் விசை, ஒரு நாரை அடுத்த நாரிலிருந்து பிரிக்க ஆகும் விசையைப் போலப் பல மடங்கு. சில மரங்களில் அது நாற்பது மடங்குவரை போகும். உளிக்கு எப்போதுமே எளிய வழிதான் பிடிக்கும். அறுப்பதைவிடப் பிரித்துக்கொண்டு ஓடவே பார்க்கும். சாய்வாகக் கிடக்கும் ஈர்க்குச்சிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் மேலெழும் திசையில் கத்தியை ஓட்டினால் பிளவு மேலே ஏறி வெளியே போய்விடும். எதிர்த்திசையில் ஓட்டினால் பிளவு குச்சியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். கத்தி எங்கே போக வேண்டும் என்பதை அப்புறம் கை முடிவு செய்வதில்லை, குச்சி முடிவு செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் நார்மன் ஃபிரான்ஸ் 1958-இல் வெளியிட்ட ஆய்வில், மரத்தை வெட்டும்போது சுருள் உருவாகும் விதங்களை மூன்றாகப் பிரித்தார். உளி முனைக்கு முன்னாலேயே மரம் பிளந்து, எழும் சுருள் நெம்புகோலாகி, வேரோடு முறிவது முதல் வகை. முனை இருக்கும் இடத்திலேயே மரம் சறுக்கி ஒரே சீரான சுருளாக வருவது இரண்டாவது. முனைக்கு முன்னால் மரம் நசுங்கிப் பொடிவது மூன்றாவது. எதிர் நாரில் பள்ளம் பள்ளமாகப் பெயர்ந்து சிலாம்பு நிற்பது முதல் வகையின் வேலை.

இதற்கு இழைப்புளிக்காரர்கள் தீர்வு கண்டுவிட்டார்கள். இழைப்புளியின் அடிப்பலகை, வெட்டுவாய்க்கு முன்னால் மரத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிளவு ஓட இடம் குறைகிறது. வெட்டும் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை, முனைக்கு மிக அருகில் வைத்தால், எழும் சுருள் உடனே மடிந்து நெம்புகோலாகும் வலுவை இழந்துவிடும். ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கவாயும் கத்தோவும் இதை உருப்பெருக்கிப் படமெடுத்துக் காட்டினார்கள். மேல் தகடு முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தபோது, எதிர் நாரிலும் பரப்பு வழவழப்பாக வந்தது. வெட்டும் தகட்டை நிமிர்த்தி 55, 60 பாகையில் நிறுத்துவது இன்னொரு வழி. வயலின் செய்கிறவர்கள் வாயில் பற்கள் வெட்டிய இழைப்புளியால் மேப்பிளைச் சீவிவிட்டு, கடைசியில் ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்த எஃகுத் தகட்டால் சுரண்டி முடிக்கிறார்கள்.

செதுக்கும் உளிக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. முன்னால் மரத்தை அமுக்க அடிப்பலகை இல்லை, சுருளை மடிக்க மேல் தகடு இல்லை, நிமிர்த்திப் பிடித்தால் தோண்டுமே தவிரச் செதுக்காது. இழைக்கும் பலகை தட்டையானது. ஒரு திசை சரிப்படாவிட்டால் திருப்பிப் போட்டு இழைக்கலாம். சிற்பத்தில் அந்த வசதியும் இல்லை. கன்னம் ஏறி இறங்குகிறது, மூக்கு இரு பக்கமும் சரிகிறது. நேர் நார் மரத்தில்கூட மேட்டின் உச்சியைத் தாண்டியதும் உளியை மறுபக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். நேர் நாரில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும், கணக்கு வைத்துக்கொள்ளலாம். வரி மரத்தில் கணக்கே தலைகீழ். பத்து மில்லிமீட்டர் அகலக் குழியுளி ஒன்று, வாகையில் நார் எதிரெதிராகச் சாயும் இரு பட்டைகளுக்கு நடுவே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உளியின் இடப் பாதிக்கு நார் சாதகம், வலப் பாதிக்குப் பாதகம். ஒரே தட்டலில் இடப்பக்கம் கண்ணாடியாகவும் வலப்பக்கம் குதறியும் வரும். திருப்பிப் பிடித்தால் குதறல் பக்கம் மாறுமே தவிரத் தீராது. அலை நாரிலோ, ஒரே கோட்டில் ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் சாதகமும் பாதகமும் மாறி மாறி வந்துவிடும்.

"உளியை நன்றாகத் தீட்டினால் போதாதா?" என்பது கைவினைஞர்களிடமே கேட்கும் கேள்வி. பாதி சரி. கூர்மை வெட்டும் விசையைக் குறைக்கும், மெல்லிய சீவலை எடுக்கவிடும். மெல்லிய சீவலால் நெம்ப முடியாது. ஒரு பட்டையின் வளையாத்தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், சீவலைப் பாதியாக மெலிதாக்கினால் நெம்பும் வலு எட்டில் ஒன்றாகிவிடும். கூர்மை உண்மையில் தருவது இந்தச் சலுகையைத்தான். நார் போகும் திசையை அது மாற்றுவதில்லை. ஒரு பங்கு வேலைக்குப் பல பங்கு நேரம் என்பதே விலை. ஈரமாகவே செதுக்கினால் என்ன என்பார்கள் சிலர். பச்சை மரம் உலரும்போது அதன் அமுக்க வலிமை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதால், ஈரத்தில் வேலை சுலபம்தான். ஆனால் பின்னல் நார் உலரும்போது முறுக்கிக்கொள்ளும். ஈரத்தில் செதுக்கிய முகம் காய்ந்தபின் அதே முகமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

இயந்திரத்தை முன்வைக்கும் வாதம் இன்னும் வலுவானது. நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் வெட்டுமுனை ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிய துணுக்கையே எடுக்கிறது. உப்புத்தாளின் மணல் துகளோ அதைவிடச் சிறிய அளவில் சுரண்டுகிறது. இரண்டுமே மெல்லிய சீவல் என்ற அதே தத்துவம், ஆகவே வரி மரத்தை அவை பெருமளவு அடக்கிவிடும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உப்புத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே சீராகத் தேய்ப்பதால் கண் இமையின் விளிம்பும் ஆபரணத்தின் முனையும் மழுங்கிவிடுகின்றன. சிற்பத்துக்கு உயிரே அந்த விளிம்புகள்தான். தவிர, மரத்தூள் சாதாரணத் தூசியல்ல. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைச் சேர்த்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் நாள் முழுக்கத் தேய்க்கும் பட்டறைகள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்வாதம் அரும்பாவூரிலிருந்து வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரின் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே முக்கிய மரங்களில் ஒன்று வாகை. பின்னல் நார் அவ்வளவு பகை என்றால் ஊரே எப்படி அதில் சிற்பம் செய்கிறது? பெரிய கட்டை கிடைக்கிறது, விலை தாங்குகிறது என்பவை ஒரு பக்கம். அறிவியல் காரணமும் உண்டு. நார் மாறி மாறிச் சாய்வதால் ஒரு பட்டையில் தொடங்கும் பிளவு அடுத்த பட்டையில் தடைபடுகிறது. மரம் எளிதில் பிளப்பதில்லை. ஐரோப்பாவில் வண்டிச் சக்கரக் குடத்துக்கு எல்ம் மரத்தைத் தேர்ந்ததும் இதே குணத்துக்காகத்தான். நீட்டிய கையும் உயர்த்திய காலும் உள்ள சிற்பத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. நேர் நார் மரத்தில் நார் குறுக்கே போகும் இடத்தில் விரல் செதுக்கினால் லேசாகத் தட்டினாலே முறியும். நார் 5-க்கு 1 என்ற அளவில் சாய்ந்தாலே வளைவு வலிமை 55 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்கின்றன அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் சோதனைகள். இன்னொன்று, அளவு. மூன்றடி உயரச் சிற்பத்தின் தோளில் பட்டை மாறுவது சிறு தொந்தரவு. உள்ளங்கை அளவுச் சிற்பத்தின் உதட்டில் மாறினால் வேலையே போயிற்று. அரும்பாவூரின் வெற்றி என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது.

செதுக்கி முடித்தபின்னும் தொல்லை விடுவதில்லை. சிற்பத்தின் மேடுபள்ளத்தைக் கண் நிழலால்தான் படிக்கிறது. வரி மரம் தானே நிழல்போல் இருளும் வரிகளைக் காட்டுவதால், கன்னத்தில் இல்லாத பள்ளம் தெரியும், இருக்கிற நுணுக்கம் மறையும். இங்கிலாந்தின் மரச்சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸும், ஜெர்மனியில் சிற்பத்துக்கு வண்ணம் பூசாமல் விட்ட ரீமன்ஷ்னைடரும், வரியே இல்லாத வெளிறிய லிண்டன் மரத்தைத் தேர்ந்தார்கள். உளி சொல்வதை மறித்துப் பேசாத மரம் அது. ஆகவே முகம், விரல், ஆபரணம் போன்ற நுண்வேலைக்கு நேர் நார் மரமே சரி. வரி மரத்தின் இடம் வீணைக் குடம், பெட்டி மூடி, யானையின் முதுகு போன்ற அகன்ற பரப்புகள். வரி மின்னும் மரத்தில் நுணுக்கமான சிற்பம் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், பக்கவாட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரு பட்டை சேரும் இடத்திலும் விளிம்பு கூராக நின்றால், கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.