எடை இயந்திரம் சொல்லாத செய்தி

நம்மில் பலருக்கு இளமைக் கால ரயில் நிலையம் என்றதும் நினைவில் எழுவது, நடைமேடையில் வண்ண விளக்குகள் மின்ன நின்றிருந்த எடை இயந்திரமே. காசைப் போட்டால் ஒரு சிறு அட்டை வந்து விழும். அதில் நம் எடையும் இருக்கும். வருங்காலத்தைப் பற்றி ஒரு வாக்கியமும் இருக்கும். அவ்வியந்திரங்கள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும் எடையைக் கொண்டே உடல்நலத்தை அளந்துவிடும் பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

அப்பழக்கம் எவ்வளவு ஏமாற்றக் கூடியது என்பதைச் சென்ற ஆண்டு இங்கே புனேயில் நாம் நேரிலேயே கண்டோம். நம்முடன் பணிபுரியும் குமாஸ்தா ஒருவர், தஞ்சைப் பக்கத்தவர், வயது 43. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. புகை, மது இரண்டும் அறியாதவர். "தொந்தியைக் குறையப்பா" என்று நமக்கு அடிக்கடி புத்தி சொல்பவரும் அவரே. ஒரு நாள் காலை, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், மார்பு பாரமாக இருப்பதாகவும் இடக்கை வலிப்பதாகவும் கூறினார். வாயுத் தொல்லை என்றெண்ணி, நாம் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினோம். நல்லவேளையாகப் பக்கத்து மேசைப் பெரியவர் நம்மைக் கடிந்துகொண்டு, அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வந்திருந்தது மாரடைப்பு. இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கி உயிரைக் காத்தனர் மருத்துவர்கள். வெளியே நின்ற அவர் மனைவியார் நம்மிடம் கேட்டது ஒன்றே: "இவர் குண்டாகவே இல்லையே தம்பி, இவருக்கு ஏன் வந்தது?"

இக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி நம் புனே நகரிலேயே இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். இங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் அவர்களும் 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! தராசு ஒன்றே சொன்னது; உடல்களோ இரண்டு கதைகளைச் சொல்லின. மெலிந்த தோற்றத்துக்குள் மறைந்திருக்கும் இக்கொழுப்பே நம் நாட்டவருக்குள்ள பேராபத்து.

அது எவ்வாறு கேடு செய்கிறது? நமக்குத் தெரிந்த சரக்குக் கிடங்கையே உவமையாகக் கொள்வோம். உண்ட உணவில் மிஞ்சியது கொழுப்பாகித் தோலுக்கடியில் தங்கும். அது கிடங்கில் முறைப்படி அடுக்கிய சரக்கு, தீங்கு குறைவு. கிடங்கு நிறைந்த பின்னும் சரக்கு வந்துகொண்டே இருந்தால் தண்டவாளத்தருகே இறக்கி வைப்போம் அல்லவா? அவ்வாறே மிஞ்சிய கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்தும் கல்லீரலுக்குள் புகுந்தும் தங்குகிறது. அதன்பின் இன்சுலினின் ஆணைக்கு உடல் சரிவரக் கீழ்ப்படிவதில்லை. இரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் உயர்கின்றன. நல்ல கொலஸ்டிரால் குறைகிறது. தமனியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிவு சேர்கிறது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது.

ரயில்வேக் குடும்பத்தார் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. ரயில்வே மருத்துவரான டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியர்களின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து 1967-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பஞ்சாபியர் பன்மடங்கு அதிகக் கொழுப்பு உண்டும், இதய நோயால் ஏற்பட்ட இறப்பு தென்னிந்திய ஊழியரிடையே ஏழு மடங்கு மிகுந்திருந்ததாக அவர் கண்டார். அது அக்காலத்துக் கணக்கு. எனினும், "நாம் நெய்யை அள்ளி உண்பவரல்லர், நமக்கென்ன பயம்?" என்று வாளாவிருத்தல் தகாது என்பதற்கு அது சான்று. இன்று இது நாடு முழுவதற்கும் உரிய கவலை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என மதிப்பிட்டது.

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? தாய்மார்களின் தையற் பெட்டியில் உள்ள நாடா போதும். நேராக நின்று, இயல்பாக மூச்சை வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றி அளக்க வேண்டும். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளாக இருத்தல் நலம். காற்சட்டையின் அளவை நம்ப வேண்டாம். தொந்தி வளர வளர இடைவார் கீழே இறங்கிவிடும், அளவு மாறாதிருக்கும். நம் அன்பரும் '34 அங்குலம்' என்றே சொல்லிவந்தார். மருத்துவமனையில் அளந்தபோது 93 சென்டிமீட்டர் இருந்தது.

இடையோடு வேறு நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் 130/85-க்கும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கும், டிரைகிளிசரைடு 150-க்கும் கீழே இருக்க வேண்டும். நல்ல கொலஸ்டிரால் ஆடவர்க்கு 40-க்கும் பெண்டிர்க்கு 50-க்கும் குறையலாகாது. இவ்வைந்தில் மூன்று தவறினாலும் மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது.

வெளியூர் வந்த நாம் ஊர் நினைவை உணவிலேதான் காத்து வருகிறோம். காலையில் இட்லி, நண்பகல் சோறு, இரவு தோசை, இடையில் சர்க்கரையிட்ட காப்பி. எட்டு மணி நேரம் நாற்காலி! இட்லியைத் துறக்க வேண்டியதில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையும் சுண்டலும் கூட்டிக்கொள்ளலாம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விரைந்து நடக்கலாம். மார்பில் பாரம் தோன்றினாலோ சோடாவை நாடாது மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இத்தவற்றைச் செய்யத் துணிந்தவர்கள் நாமாதலின் இதனை அழுத்தியே சொல்கிறோம்.

அன்று மாலை வீடு திரும்பியதும் நாமும் நாடாவைச் சுற்றிப் பார்த்தோம், 95 காட்டியது. எட்டு மாத நடைக்குப்பின் இப்போது 91. அன்பரும் நலம் பெற்று, மாலைதோறும் நம்முடன் நடந்து வருகிறார். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு அவர் மனைவியார் தையல் நாடாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்பர்கள் கூச்சமின்றி அளந்துகொள்ள வேண்டுகிறோம். வரிசையில் முதலில் நாமே நிற்போம்.