துவாலு: கடலும் இணையமும்

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடையே துவாலு என்னும் நாடு உள்ளது. ஒன்பது பவளத் தீவுகளால் ஆன இந்நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. ‘துவாலு’ என்பதற்கு ‘எட்டும் ஒன்றாக நிற்றல்’ என்பது பொருள். முற்காலத்தில் எட்டுத் தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்ந்தமையால் இப்பெயர் அமைந்தது.

இத்தீவுகளில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரை எட்டாது. புவி வெப்பமடைவதால் கடல்நீர் விரிவடைகிறது, பனிப்பாறைகளும் உருகுகின்றன. அதனால் கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. அலைகள் கரையைத் தாண்டுவது மட்டும் இடர் அன்று. பவளத்தரை நுண்துளைகள் நிறைந்தது. பெரிய ஓதங்களின்போது கடல்நீர் தரையின் அடியிலிருந்தே ஊற்றுப்போல் மேலெழுகிறது. கரையில் சுவர் எழுப்பினாலும் இந்நீரைத் தடுக்க இயலாது. மக்கள் குழி தோண்டிப் பயிரிடும் ‘புலாக்கா’ என்னும் கிழங்கு சேப்பங்கிழங்கை ஒத்தது. குழியில் உப்புநீர் புகுந்தால் பயிர் கெடும். குடிநீருக்கு அவர்கள் மழைநீர்த் தொட்டிகளையே பெரிதும் நம்பியுள்ளனர்.

துவாலு மக்கள் சோர்ந்திருக்கவில்லை. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் காயலின் மணலை அள்ளிக் கொட்டி, ஏறத்தாழ 7 ஹெக்டேர் புதிய நிலத்தை உயர்த்தி அமைத்துள்ளனர்.

நிலத்தைப் போலவே இணையமும் இந்நாட்டுக்கு இன்றியமையாதது. ஒவ்வொரு நாட்டுக்கும் இணையத்தில் ஈரெழுத்துக் குறியீடு உண்டு. துவாலுவுக்கு அமைந்த ‘டிவி’ என்னும் குறியீடு தொலைக்காட்சியையும் நினைவூட்டுவதால், பல நாட்டு நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அதனைப் பயன்படுத்துகின்றன. அவ்வருவாய் அரசுக்குப் பெருந்துணை. ஆயினும், அந்நாட்டு மக்களுக்கு நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியே மெதுவான இணைப்பே கிடைத்தது. வெளித்தீவுகளுக்குக் கப்பலில் செல்லவேண்டும். 2015 மார்ச்சில் ‘பாம்’ புயலின் அலைகள் அத்தீவுகளைத் தாக்கின. இத்தகைய வேளையில் எச்சரிக்கையும் மருத்துவ அறிவுரையும் கப்பலுக்காகக் காத்திருக்க முடியுமா? தொலைத்தொடர்பே அங்கு உயிர்காக்கும் கருவி.

2021-இல் ஐ.நா. காலநிலை மாநாட்டிற்காக, அந்நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் அளவு கடல்நீரில் நின்று உரையாற்றினார். அடுத்த ஆண்டு, தீவுகளின் உருவத்தையும் பண்பாட்டையும் கணினியில் பதிந்து ‘எண்ணிம நாடு’ அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். நிலம் மறைந்தாலும் நாடு என்றும் நிலைக்கும் என 2023-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்டது. அதே ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம்.

பிரிந்து செல்வோர் தம் மொழியையும் உறவையும் பேணுவதற்கு இணையம் உதவும். ஆனால், திரையில் தோன்றும் தீவில் குழி தோண்டிப் புலாக்கா நட இயலாது. இணையம் மண்ணுக்குத் துணையாகலாம், ஈடாகாது. ஆகவே, துவாலு இரண்டையும் காக்கப் போராடுகிறது.

சிந்தித்து எழுதுக

1. கடற்கரையில் சுவர் எழுப்புவது மட்டும் துவாலுவைக் காக்காது. ஏன்?
2. வெளித்தீவு மக்களுக்குத் தொலைத்தொடர்பு எவ்வாறு உதவுகிறது?
3. நிலம் இல்லாமல் ஒரு நாடு நிலைக்குமா? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.