பதினோரு மாதக் கடிதம்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்த ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி கொடுத்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்போரம் கிழிந்துபோன ஆங்கிலக் கடிதம். அதில் எந்த இடத்திலும் 'தொழிலாளி' இல்லை, 'சம்பளம்' இல்லை. அவர் 'டிரெய்னி', வாங்குவது 'ஸ்டைபெண்ட்', காலம் 11 மாதம். அதன்பின் கம்பெனியின் தேவையைப் பொறுத்து நீட்டிக்கப்படலாம்.

கடிதத்தில் இருப்பது 'லாம்'. சூப்பர்வைசர் வாயில் வந்தது வேறு: "வேலையைப் பாரு தம்பி, மத்ததைப் பார்த்துக்கலாம்." நம் பேச்சில் 'பார்க்கலாம்' என்றால் தள்ளிப்போடுவது. 'பார்த்துக்கலாம்' என்றால் பொறுப்பேற்பது. கல்யாணச் செலவுக்குத் தாய்மாமன் அப்படிச் சொல்லிவிட்டால் வீடே நிம்மதியாகத் தூங்கும். அந்த நம்பிக்கையில்தான் தர்மபுரியிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து அறையெடுத்துத் தங்குகிறார்கள்.

இந்தச் சொற்கள் தற்செயலாக வந்தவை என்று நான் நினைக்கவில்லை. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 1961-இன் அப்ரென்டிஸ் சட்டமோ, பயிற்சி பெறுபவர் தொழிலாளி அல்லர் என்கிறது. பெயரை மாற்றினால் 480 என்ற கணக்கே எழாது என்பதுதான் எண்ணம். ஆனால் அப்ரென்டிஸ் என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். கம்பெனி தானாக 'டிரெய்னி' என்று எழுதிக்கொண்டால் போதாது. செய்த வேலை என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். நிரந்தர உரிமையை மறுக்கும் நோக்கத்தோடு ஆட்களை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது முறையற்ற தொழில் நடைமுறை என்று 1982-இலேயே தொழில் தகராறுச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். 2020-இன் தொழிலுறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

உரிமை கேட்பவர் கையில் ஆதாரம் வேண்டும். "பார்த்துக்கலாம்" என்றதற்கு ஏது ரசீது? வருகைப் பதிவும் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறிய தொகையும்தான் பேசும். 'பிரேக்' என்று சொல்லி இடையில் நிறுத்தினால், தொழிலாளியின் தவறின்றி வந்த இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது என்பதும் சட்டத்தில் உண்டு. இதைத் தமிழில், கன்னடத்தில், தெலுங்கில், இந்தியில் எழுதி ஒவ்வொரு கேட்டிலும் ஒட்ட வேண்டும்.

அந்தத் தம்பிக்கும் பத்து நாள் பிரேக் விட்டு இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் நாள் கணக்கு எழுதி வருகிறார். நான் பார்த்த அன்று 431.